பக்கக் காத்தில சின்ன விமானம் இறக்கிறது: ஏன் இவ்வளவு விபத்து?

கனகராயன்ஆறு (மாங்குளம்)

எல்லாருக்கும் வணக்கம். அக்காவின்ர மகன் இரத்மலானையில விமானிப் பயிற்சி எடுக்கிறான். செஸ்னா 152இலதான் பழகிறான். காத்து பலமா அடிக்கிற நாளில தன்னைத் தனியப் பறக்க விடமாட்டினமாம், பயிற்றுநர் பக்கத்தில இருந்தால்தான் இறக்கலாமாம் எண்டு போனில சொல்லியிருக்கிறான். அதோட அக்காவுக்கு நித்திரை இல்லை. பொடியன் ஒழுங்காப் பழகேல்லையோ, இல்லாட்டி பிளேன் பழசோ எண்டு என்னைப் போட்டுக் குடையிறா.

நானும் யூடியூபில தேடினன். சின்ன பிளேன் வடிவா வருது, சில்லு நிலத்தில முட்டுது, எல்லாம் முடிஞ்சுது எண்டு நாங்கள் நினைக்க, சடாரெண்டு திரும்பிப் புல்லுக்குள்ள போய் மூக்குக் குத்தி நிக்குது. ஒண்டு ரெண்டு இல்லை, பாக்கப் பாக்க வந்துகொண்டே இருக்கு.

என்ர கேள்வி இதுதான். காத்துக்கு எதிராத்தானே பிளேன் இறக்கிறவை? பிறகேன் பக்கத்தால காத்து வருது? நான் அரிசி ஆலை வைச்சிருக்கிற ஆள், கணக்கெல்லாம் மெல்லமாத்தான் ஏறும். விளங்கக்கூடிய மாதிரிச் சொல்லுங்கோ.

பனங்காமம்

அக்காவுக்குச் சொல்லுங்கோ, பயிற்றுநர் விடமாட்டன் எண்டு சொல்லுறது நல்ல செய்தி. "நீ போ தம்பி, பாப்பம்" எண்டு விட்டால்தான் யோசிக்கோணும்.

சில்லும்சிறகும் (ஸ்காபரோ)

பனங்காமம் பகிடியாச் சொன்னாலும் விசயம் சரி. நான் கனடாவில கனகாலம் சின்ன விமானங்களில பயிற்றுநரா இருந்தனான், பிறந்த இடம் புதுக்குடியிருப்பு.

ஓடுபாதை நிலத்தில போட்டபடி கிடக்கும், காத்துத்தான் திசை மாறும். அதால நேர் எதிர்க்காத்து கிடைக்கிறது அருமை. முந்தின காலத்தில புல்வெளி விமானத்தளங்கள் வட்டமா, அகலமா இருந்தது, எந்தப் பக்கத்தால காத்து வந்தாலும் அந்தப் பக்கம் பாத்து இறக்கலாம். தார் போட்ட நீட்டு ஓடுபாதை வந்த பிறகுதான் இந்தத் தலையிடி பெரிசாச்சு.

ஒவ்வொரு விமானத்தின்ர கைந்நூலிலயும் பக்கக் காத்துக்கு ஒரு எண் போட்டிருப்பினம். செஸ்னா 152க்கு 12 நொட், அதே கொம்பனியின்ர இன்னொரு சின்ன விமானமான 172எஸ் க்கு 15 நொட். ஒரு நொட் எண்டால் மணிக்கு 1.85 கிலோமீற்றர், ஆக 15 நொட் எண்டது 28 கிலோமீற்றர் மட்டில. ஒண்டைக் கவனியுங்கோ, இது "இதுக்கு மேல போனா உடையும்" எண்ட எண் இல்லை. தயாரிச்ச கொம்பனி சோதனை விமானியை வைச்சு, இவ்வளவு பக்கக் காத்தில இறக்கிக் காட்டினம் எண்டு எழுதின எண். சோதனை விமானி 15இல இறக்கினவர் எண்டால் உங்கட மருமகனும் 15இல இறக்குவான் எண்டு அர்த்தமில்லை. அதுதான் பயிற்சிப் பள்ளிகள் தனியப் பறக்கிற மாணவருக்கு இன்னும் குறைச்சு ஒரு எல்லை வைக்கும். பொடியனில பிழையில்லை, பிளேனிலயும் பிழையில்லை.

பௌதிகம் (கிளிநொச்சி)

அண்ணை சொன்ன 15 நொட் என்பது காற்றின் முழு வேகம் அல்ல, அதன் குறுக்குக் கூறு மட்டும். உயர்தரம் படிக்கிற பிள்ளைகள் யாரும் வாசித்தால் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

காற்று ஓடுபாதையோடு 30 பாகை கோணத்தில் வந்தால் அதன் வேகத்தில் பாதி பக்கவாட்டில் தள்ளும். 45 பாகை என்றால் பத்தில் ஏழு பங்கு. 60 பாகைக்குக் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பது பங்கு. சைன் வாய்பாடுதான், வேறொன்றும் இல்லை. 60 பாகையைத் தாண்டினால் முழுக் காற்றும் பக்கத்தில் இருந்து வருகிறது என்றே எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கலாம்.

முல்லைக்கரை

நான் கடலுக்குப் போற ஆள், ஆகாயம் தெரியாது. ஆனால் நாங்கள் கரைக்கு வரேக்க நீவாடு (கடல் நீரோட்டம்) வடக்க இழுத்தால் அணியத்தை, அதுதான் படகின்ர முன்பக்கத்தை, கொஞ்சம் தெற்கால திருப்பி வைச்சுக்கொண்டுதான் வருவம். பாக்கிறவனுக்குப் படகு சரிஞ்சு வாற மாதிரி இருக்கும், ஆனால் பிடிக்க வேண்டிய இடத்துக்கு நேராத்தான் வந்து சேரும். பிளேனும் உப்பிடித்தானோ?

சில்லும்சிறகும்

முல்லைக்கரை அண்ணை, நூற்றுக்கு நூறு அதுதான். மூக்கைக் காத்துப் பக்கம் திருப்பி வைச்சு, நண்டு நடக்கிற மாதிரி வாறது. மேல பறக்கேக்க ஒரு ஆபத்தும் இல்லை, நாள் முழுக்க அப்பிடிப் பறக்கலாம்.

வித்தியாசம் கடைசி ஒரு மீற்றரில வருது. படகு மணலில சரிஞ்சபடி ஏறினாலும் காரியமில்லை. சில்லு பக்கவாட்டில உருளாது. மூக்கு ஒரு பக்கம் பாக்க, விமானம் இன்னொரு பக்கம் போய்க்கொண்டிருக்க, அந்த நிலையில சில்லு தாரில முட்டினால் ரயரும் காலும் முழுச் சுமையையும் பக்கத்தால வாங்கும். அதால முட்டுறதுக்கு முதல் மூக்கை நேராக்கோணும்.

அதுக்கு ரெண்டு வழி. ஒண்டு, நண்டு நடையிலயே வந்து, முட்டுற நேரத்தில சுக்கான் மிதியை அழுத்தி நேராக்கிறது. பெரிய விமானங்கள் பெரும்பாலும் இப்பிடி. மற்றது, கொஞ்சம் முந்தியே மூக்கை நேராக்கிப் போட்டு, காத்து வாற பக்கத்துச் செட்டையைத் தாழ்த்திக்கொண்டு வாறது. அப்ப காத்துப் பக்கத்துச் சில்லுத்தான் முதல் முட்டும், பிறகு மற்றது, கடைசியா முன்சில்லு. சின்ன விமானத்துக்கு நான் இரண்டாவதைத்தான் படிப்பிக்கிறனான். காத்தைச் சமாளிக்கச் சுக்கான் காணுமோ இல்லையோ எண்டு நிலத்துக்கு வர முதலே தெரிஞ்சிடும். சுக்கானை முழுக்க மிதிச்சும் மூக்கு நேராகேல்லையெண்டால் விசயம் முடிஞ்சுது, இண்டைக்கு இந்த ஓடுபாதை இல்லை.

இனி வீடியோவுக்கு வாறன். சில்லு முட்டேக்க 172 இன்னும் 45, 50 நொட் வேகத்தில போய்க்கொண்டிருக்கு. செட்டை இன்னும் தூக்குது, சுமை முழுக்க ரயருக்கு வரேல்ல. வால் செட்டையில காத்து அடிக்க, மூக்கு காத்து வாற பக்கம் திரும்பப் பாக்கும். காத்துப் பக்கத்துச் செட்டை மேல எழும்பப் பாக்கும். இந்த நேரத்தில பாத்தால் விமானி "அப்பாடா" எண்டு கைகாலைத் தளர்த்தியிருப்பார், அல்லது பதறிப் பிரேக்கைப் போட்டிருப்பார். செய்ய வேண்டியது நேர் எதிர். வேகம் குறையக் குறைய எய்லரனை (செட்டை நுனிப் பக்கம் இருக்கிற, விமானத்தைச் சரிக்கிற தகடு) காத்துப் பக்கம் கூடக் கூடத் திருப்பிக்கொண்டு போய், நிக்கேக்க முழுக்கத் திருப்பின நிலையில இருக்கோணும். வேகம் விழ விழ எய்லரனுக்குப் பலன் குறையும், அதால அளவைக் கூட்டோணும். எத்தினை பேருக்கு இதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ஞ்சிருக்கு. விமானத் தரிப்பிடத்தில கட்டி வைக்கும் வரைக்கும் பறந்துகொண்டுதான் இருக்கிறாய் எண்டு சொல்லுவன்.

வானம்பாடி_23

பெரிய பிளேன் எல்லாம் சரிஞ்சபடி வந்து அழகா இறங்கிற வீடியோ நிறையக் கிடக்கே. சின்னனுக்கு மட்டும் ஏன் கஷ்டம்? பெரிசுக்கும் காத்தால விபத்து வந்ததுதானே, கோழிக்கோட்டில 2020இல நடந்தது மாதிரி.

பௌதிகம்

கோழிக்கோடு வேறு. 2020 ஆகஸ்ட் 7ஆந் திகதி நடந்த அந்த விபத்தில் மழை, பின்காற்று, மேசை போன்ற மேட்டு நில ஓடுபாதை, அதிலும் வெகுதூரம் உள்ளே போய்த் தரையைத் தொட்டது என்று காரணங்கள் சேர்ந்தன. 21 பேர் இறந்தார்கள். பக்கக் காற்றுக்கு உதாரணமாக அதைக் காட்ட முடியாது.

உங்கள் முதற் கேள்விக்கு விடை வேகத்தில் இருக்கிறது. 15 நொட் பக்கக் காற்று என்று வைப்போம். 60 நொட்டில் வருகிற சின்ன விமானம் மூக்கை 14 பாகைக்கு மேல் திருப்ப வேண்டும். 140 நொட்டில் வருகிற பெரிய விமானத்துக்கு 6 பாகை போதும். அதே காற்றுத்தான். மெதுவாக இறங்கக்கூடியது என்பது சின்ன விமானத்தின் நல்ல குணம், பக்கக் காற்றில் அதுவே அதற்கு எதிரி. பாரமும் குறைவு என்பதால் ஒரு குத்துக் காற்று அதை இலகுவாக நகர்த்திவிடும்.

மன்னார்காற்று

நான் காற்றாலைப் பராமரிப்பில வேலை செய்யிறன், மன்னார்த் தீவுத் தென்கரையில நிக்கிற 30ஐயும் ஒவ்வொரு நாளும் பாக்கிற ஆள். காத்து "எவ்வளவு" எண்டு சொல்லுற எண்ணில எல்லாரும் ஏமாறுறது இதிலதான், அதால எழுதுறன்.

வானிலை அறிக்கையில வாற காத்து வேகம் 10 நிமிடச் சராசரி. இறங்கிற விமானத்துக்குக் கோபுரத்தில இருந்து சொல்லுறது 2 நிமிடச் சராசரி. குத்துக் காத்தைத் தனியா எழுதுறது, உச்ச வேகம் சராசரியை விட 10 நொட் அல்லது அதுக்கு மேல கூடினால் மட்டும்தான். அதாவது சராசரி 17, இடைக்கிடை 26 அடிக்குது எண்டால் அறிக்கையில 17 மட்டும்தான் இருக்கும், குத்துக் காத்து எண்டு ஒரு சொல்லும் வராது. விமானிக்கு இறங்கிற அந்த நாலு செக்கனில வாறது 26ஓ 9ஓ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

இன்னொண்டு. வன்னியில சோளகம் அடிக்கிற ஆடி, ஆவணியில விடியப்புறம் இலை அசையாது, பத்து மணிக்குப் பிறகு புழுதி பறக்கும். இரவில நிலம் குளிர்ந்து அடியில இருக்கிற காத்து ஒட்டிக்கொண்டு கிடக்கும், வேகமான காத்து மேலால ஓடும். வெயில் ஏற, அறுவடை முடிஞ்ச வெறும் வயல் சுட்டுச் சூட்டுக் காத்து மேல கிளம்ப, மேல ஓடின வேகமான காத்து துண்டு துண்டாக் கீழ இறங்கும். அந்தத் துண்டுதான் குத்துக் காத்து. வயலுக்குப் பக்கத்தில காடு இருந்தால் இன்னும் மோசம், மரவரிசைக்குப் பின்பக்கம் காத்து உருண்டு புரண்டு வரும்.

பனங்காமம்

2007இல இரணைமடுப் பக்கம் இரவில சின்ன பிளேன் சத்தம் கேட்ட ஆக்கள் இஞ்ச எத்தினை பேர் இருக்கிறியள்? அது புலிகளின்ர ஸ்லின் 143. மூண்டு சில்லு, தாழ்ந்த செட்டை. இரவில, அதுவும் வன்னிக் காத்தில இறக்கினவையெண்டால்...

களமேற்பார்வை

பனங்காமம், இழை பக்கக் காற்றைப் பற்றியது. அந்தப் பக்கம் திரும்பினால் பூட்ட வேண்டி வரும்.

பனங்காமம்

நான் சில்லைப் பற்றித்தான் கேட்டனான் ஐயா.

சில்லும்சிறகும்

சில்லைப் பற்றி எண்டால் பதில் இருக்கு. முன்சில்லு வைச்ச விமானத்தில பாரமையம் பிரதான சில்லுகளுக்கு முன்னுக்கு இருக்கு. கொஞ்சம் சரிஞ்சு முட்டினாலும் பாரம் முன்னால இழுத்து விமானத்தை நேராக்கும். வால்சில்லு விமானத்தில பாரமையம் பின்னுக்கு. சரிஞ்சு முட்டினால் பின்பாரம் முன்னுக்கு வரப் பாக்கும், கவனிக்காட்டி தரையிலயே முழு வட்டம் அடிச்சு நிக்கும், வெளிச்செட்டை நிலத்தில அடிபடும். பழைய வால்சில்லு விமானங்களில பழகின ஆக்களின்ர கால் சுக்கான் மிதியில எப்பவும் ஆடிக்கொண்டிருக்கிறது அதாலதான்.

1930களில பிரெட் வைக் எண்ட அமெரிக்கப் பொறியியலாளர் எர்கூப் எண்டு ஒரு விமானம் வடிவமைச்சவர். அதில சுக்கான் மிதியே இல்லை! நண்டு நடையில வந்து அப்பிடியே சரிஞ்சு முட்டோணும், சில்லுக் கால் அதைத் தாங்கி நேராக்கும். கேக்கப் பயமா இருக்கும், ஆனால் பறந்தது, நிறைய வித்தது.

கனகராயன்ஆறு

சரி அண்ணை, விளங்குது. ஆனால் வீடியோவில கனக்கப் பேர் முட்டித் துள்ளி, திரும்ப முட்டித் துள்ளி, பிறகுதானே மூக்குக் குத்துகினம். அதுவும் காத்தாலயோ?

சில்லும்சிறகும்

காத்தால தொடங்கி, வேகத்தால வளந்து, கையால முடியிற விசயம் அது.

குத்துக் காத்து இருந்தால் வாற வேகத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லிப் படிப்பிக்கிறது. சராசரி 20, உச்சம் 30 எண்டால் வித்தியாசம் 10, அதில பாதி 5 நொட் கூட்டினால் காணும். சிலர் பயத்தில 10, 15 கூட்டிக்கொண்டு வருவினம். அப்ப விமானம் இறங்காது, ஓடுபாதைக்கு மேலால மிதந்துகொண்டே போகும். மிதக்கிற ஒவ்வொரு செக்கனும் காத்து பக்கத்தால தள்ளுது. பொறுமை போய்க் கையில பிடிக்கிற கட்டுப்பாட்டுப் பிடியை முன்னுக்குத் தள்ளி அழுத்தி முட்ட வைப்பினம். முன்சில்லு முதல் முட்டும், துள்ளும். துள்ளினதுக்குப் பதிலா முன்னுக்குத் தள்ள, இன்னும் பலமா முட்டும். மூண்டாந்தரம் முன்சில்லுக் கால் முறியும், புரொப்பெல்லர் நிலத்தில அடிக்கும். புரொப்பெல்லர் அடிச்சால் அதை மாத்தினதோட முடியாது, எஞ்சினைக் கழட்டி உள்ளுக்குப் பாக்கச் சொல்லித்தான் தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறார். செலவு கண்ணைக் கட்டும்.

ஃபிளாப் (மெதுவா இறங்கச் செட்டையின்ர பின்பக்கத்தில கீழ இறக்கிற தகடு) பற்றிப் பயிற்றுநர்மாருக்குள்ளயே சண்டை இருக்கு. முழுக்க விட்டால் மெதுவா முட்டலாம், ஆனால் காத்துக்கு அகப்படும். 172இன்ர கைந்நூல், பலமான பக்கக் காத்தில ஓடுபாதை நீளத்துக்குத் தேவையான அளவு குறைஞ்ச ஃபிளாப் போதும் எண்டு சொல்லுது. நானும் அந்தக் கட்சிதான்.

பௌதிகம்

வேகம் 10 வீதம் கூடினால் நிறுத்த வேண்டிய சக்தி 21 வீதம் கூடும். சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

வானம்பாடி_23

அப்ப துள்ளினால் என்ன செய்யிறது?

சில்லும்சிறகும்

முதல் துள்ளலிலயே பவரை முழுக்கக் குடுத்துத் திரும்ப எழும்பிப் போறது. ஒரு சுற்றுச் சுத்திப் போட்டு வந்து பாக்கலாம். இந்த வார்த்தைதான் இந்த இழை முழுக்க நான் சொல்ல நினைச்சது. காத்து எண்ணுக்கு மேல போய் நடந்த விபத்தை விட, விட்டுட்டு எழும்பிப் போக மனம் வராமல் நடந்ததுதான் கூட. ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம், பின்னால இன்னொரு விமானம் வருது, போன முறை சரியா வந்தது. எல்லாம் காரணமாத் தெரியும்.

ஆனால் ஒரு விசயத்தை மறைக்கக் கூடாது. எழும்பிப் போறதும் ஆபத்தில்லாத வேலை இல்லை. சறுக்கிப் புல்லுக்குள்ள போறவை பெரும்பாலும் நடந்து வெளியில வருவினம், காயம் விமானத்துக்குத்தான். பிந்தி, வேகம் விழுந்த பிறகு, மூக்கை மேல இழுத்து எழும்பப் பாக்கிறதுதான் உயிரை எடுக்கும். முழுப் பவரில மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது சுக்கான் வேணும். ஃபிளாப்பை ஒரேயடியா எடுத்தால் விமானம் கீழ இறங்கும், படிப்படியா எடுக்கோணும். அதால முடிவை முந்தி எடுக்கோணும். ஓடுபாதை நடுக்கோட்டை விட்டு விலகத் தொடங்கினால் அது போதும், யோசிக்கத் தேவையில்லை.

முல்லைக்கரை

கரையில அலை உடையிற இடத்தில நாங்களும் திரும்பக் கடலுக்க போய் நிண்டு பாத்துத்தான் வருவம். அதுக்கு ஒருத்தரும் வெக்கப்படுறதில்லை.

பௌதிகம்

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. பலாலி ஓடுபாதை 05/23. அதாவது ஒரு பக்கம் 50 பாகையையும் மறுபக்கம் 230 பாகையையும் பார்க்கும். காற்று 90 பாகையில் இருந்து 20 நொட், குத்துக் காற்று 30. 05 பக்கமாக இறங்கினால் பக்கக் காற்று எவ்வளவு?

மன்னார்காற்று

கோணம் 40, சைன் 0.64. சராசரிக்கு 13, குத்துக்கு 19. மருமகன்ர 152க்கு ரெண்டுமே கூட. 172க்குச் சராசரி உள்ளுக்க, குத்து வெளியில.

கனகராயன்ஆறு

23 பக்கத்தால இறக்கினால்?

பௌதிகம்

பக்கக் கூறு மாறாது, எதிர்க்காற்று பின்காற்றாகிவிடும். 15 நொட் பின்காற்று. அதைச் செய்ய வேண்டாம்.

கனகராயன்ஆறு

அப்ப வவுனியாவுக்குத் திரும்பிப் போய் இறக்கலாமே?

மன்னார்காற்று

அங்கதான் பகிடி இருக்கு. வவுனியாவும் 05/23. மத்தளையும் 05/23. கட்டுநாயக்கா, இரத்மலானை 04/22. சீனன்குடா 06/24. பலாலியும் வவுனியாவும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில பிரித்தானிய விமானப்படை பாவிச்ச தளங்கள், மத்தளை நேற்றுக் கட்டினது, ஆனால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பக்கம் பாத்துக்கொண்டு கிடக்கு. வருசத்தில பெரும்பகுதி சோளகமும் வாடையும்தான், ரெண்டுமே அந்தக் கோட்டோட வரும். அதால வழமையான நாளில நல்ல ஏற்பாடு. சித்திரை, ஐப்பசியில பின்னேர இடிமழைக்கு முன்னால வாற காத்தும், புரேவி மாதிரிப் புயல் நாளில வாற காத்தும் இந்தக் கோட்டை மதிக்காது. அப்ப ஓடித் தப்ப வேற திசையில ஓடுபாதை கிட்டடியில இல்லை.

சில்லும்சிறகும்

இதை நான் யோசிச்சிருக்கேல்ல. இஞ்ச பெரும்பாலான இடத்தில குறுக்க இன்னொரு ஓடுபாதை இருக்கும், அல்லது பத்து நிமிடத் தூரத்தில வேற திசையில ஒண்டு கிடைக்கும்.

அப்பிடியான நாட்டில ஒரேயொரு வழி காத்திருக்கிறதுதான். புயல் நாளில பறக்கவே போறதில்லை, அதை விடுவம். இடிமழைக் காத்து எண்டால் பெரும்பாலும் அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலத்தில அடங்கும். தள்ளி நிண்டு சுத்திக்கொண்டு நிக்க எண்ணெய் இருக்கோணும். பகல் பறப்புக்குச் சட்டம் பொதுவாக் கேக்கிறது 30 நிமிட மேலதிக எண்ணெய். அது காணாது. நானெண்டால் பின்னேரம் பறக்கிறதுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல கூட ஊத்துவன்.

கனகராயன்ஆறு

152க்கு எவ்வளவு பிடிக்கும்?

சில்லும்சிறகும்

சாதாரணத் தாங்கியில பாவிக்கக்கூடியது 93 லீற்றர் மட்டில. மணித்தியாலத்துக்கு 23 லீற்றர் குடிக்கும். ஆனால் மொத்த எடை 757 கிலோவைத் தாண்டேலாது, ரெண்டு தடிச்ச ஆக்கள் ஏறினால் முழுக்க ஊத்த முடியாது.

பனங்காமம்

அப்ப மருமகனிட்ட பயிற்றுநர் மெலிஞ்ச ஆளோ எண்டும் கேட்டு எழுதுங்கோ.